கவ்வாத்துக் கத்தியால் வெட்டிய மாத்திரை

மச்சான்,

கவ்வாத்து நடக்கும் மலையிலிருந்து, வெட்டுண்ட தேயிலைக் குச்சியின் பச்சை வாடை இன்று லயத்து வீட்டுக்குள் வருகிறது. உன் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தலவாக்கலைக் கடைப் பாய் எழுதுகிறார்.

நம் இருவருக்கும் ஒரே வருஷம் நெஞ்சு அடைத்தது. கவ்வாத்திலிருந்து எடுத்துச் சில்லறை வேலைக்கு விட்டார்கள். அப்போதுதான் அந்த டாக்டர் ஐயா வந்தார். ஒருமுறை நெஞ்சுவலி கண்டவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்குமா என்று ஒரு புது மாத்திரையைச் சோதிப்பதாகச் சொன்னார்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. சம்மதம்னா கைநாட்டு வைங்க."

இந்தியாவுக்கு ஏற்றிவிடும் பிரஜாவுரிமைக் கடதாசியோ என்று பயந்து பயந்துதான் வைத்தோம். ஆளுக்கொரு டப்பா. அடையாளத்துக்கு உன் டப்பாவில் உன் மனைவி குங்குமம் வைத்தாள்.

ஒரு மாதத்தில் ஏற்றம் ஏறினாலும் உனக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்கியது.

"ஒனக்குக் கெடச்சது மாவுதான் மச்சான், ரொட்டி சுட்டுத் தின்னு" என்று சிரித்தாய். மறுநாள் வேலைமலையில் உன் மாத்திரையைக் கல்லில் வைத்துப் பழைய கவ்வாத்துக் கத்தியால் இரண்டாக வெட்டினாய்.

"வேணாம், ஐயா ஏசுவாரு."

"ரொட்டிய என்னைக்காவது தனியா தின்னிருக்கேனா? முழுங்குடா."

அன்றிலிருந்து இரண்டு டப்பாவும் பொது; எதை எடுத்தாலும் ஆளுக்குப் பாதி. ஐயா கேட்கும்போதெல்லாம், "தவறாம முழுங்குறோங்க" என்றோம்.

எட்டாம் மாதம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் படியில் நீ சாய்ந்தாய்.

கருமாதி முடிந்ததும் ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். நம் இரண்டு பெயரையும் புத்தகத்தில் கோடு போட்டு அடித்தார். சோதனை முடிந்தபின் போய்க் கேட்டேன். உன் டப்பாவில்தான் மருந்து.

"முழுசாத் தின்னிருந்தா பொழச்சிருப்பானுங்களா?"

"தெரியாதுப்பா."

"அந்தப் பாதி இல்லாட்டி நான் போயிருப்பேனுங்களா?"

"அதுவும் தெரியாது."

படித்தவருக்கே தெரியவில்லை. உன் ஆயுசைத் தின்றுவிட்டேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த மாத்திரையில் ஒன்றுமே இல்லை என்று மறுநாள் தோன்றுகிறது. சில நாள் உன்மேலேயே கோபம் வருகிறது. உன்னிடம் பாதி கேட்டது யார்?

உன் மனைவி ஒரேயொரு தடவை கேட்டாள்: "அண்ணே, அவரு மாத்திரைய ஒழுங்கா முழுங்கினாரா?"

"ஒரு நாளும் விட்டதில்ல தங்கச்சி" என்றேன். பொய் இல்லை.

இப்போதும் என்னைக் கண்டால் நின்று, "நெஞ்சு நல்லாருக்காண்ணே?" என்று விசாரிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, மச்சான். அதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?