பெல்லமிக்கு வைத்த பிளெக்ஸ்

மார்ச் 8, 2025

பெல்லமியின் முதல் உலகப் போரை எழுதி முடித்தேன். இரண்டு போர்களையும் கண்ட ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் வாழ்க்கையை மரக்காணத்தில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் ஏன் தமிழில் எழுதுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. படிப்பதாகவும் யாரும் சொல்லவில்லை. மகள் தமிழ்நிலா கடற்படையில் இருக்கிறாள். அங்கே என்ன செய்கிறாய் என்றால், "வேலைதாம்பா" என்கிறாள். பெல்லமி தன் நாட்குறிப்பில் விவரமாகச் சொல்கிறார். பதக்கங்களைவிட, தன் கேப்டன் முதன்முதலாகக் கப்பலைத் தன்னிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போனதுதான் அவருக்குப் பெருமை.

மார்ச் 21

தமிழ்நிலாவுக்கு அடுத்த மாதம் தேர்வு. தேறினால் கப்பலைத் தன் பொறுப்பில் செலுத்தலாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள் மனைவி மலர்கொடி. எங்கள் உப்பளத்து வழக்கம் அது: உப்பை அம்பாரமாகக் குவித்து மூடும்வரை விளைச்சலைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள்.

மைத்துனன் சரத்குமாரிடம் மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 12

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிளெக்ஸ். மகள் படத்தோடு 'கேப்டன் தமிழ்நிலாவை வாழ்த்துகிறோம்'. தேர்வே இன்னும் நடக்கவில்லை; தேறினாலும் கேப்டன் ஆகிவிட மாட்டாள். மேலே, தலைவர் படம் இருக்க வேண்டிய இடத்தில், என் மேசையிலிருந்த பெல்லமி படம்.

"இவரை ஏன்டா போட்ட?"

"மேல யாராவது இருக்கணும் இல்ல மாமா? கட்சிக்காரங்களைப் போட்டா சண்டை வரும். இவரு பொதுவான ஆளு."

இரண்டு உலகப் போர்களில் சண்டையிட்டவர்.

ஏப்ரல் 29

தேறவில்லை. "பிளெக்ஸ் இன்னும் இருக்குதாப்பா?" அவ்வளவுதான் கேட்டாள்.

இருக்குது. எனக்கு எதுக்கு இந்த வாய்?

ஏப்ரல் 30

பெல்லமியும் அதே மாதிரித் தேர்வில் முதல்முறை தோற்றவர். அந்தப் பக்கத்தை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"அப்புறம்?"

இரண்டாம் போரில் பனிமூட்டத்தினூடே சரக்குக் கப்பல்களைக் கரைசேர்த்ததை எழுதினேன்.

"அதில்லப்பா. மறுபடி பரீட்சை எழுதினாரா?"

எழுதினார்.

மே 17

திடீர் மழை. அம்பாரத்தை மூடத் தார்ப்பாய் போதவில்லை. மலர்கொடி தம்பியை இழுத்துக்கொண்டு போய் பிளெக்ஸை அவிழ்த்து வந்தாள். "ரோட்டுல நின்னு சிரிச்சது போதும். இங்க வந்து வேலை செய்யட்டும்." இழுத்துக் கட்டினோம். பிளெக்ஸில் மகள் சாலையைப் பார்த்தாள். பெல்லமி கடலைப் பார்த்தார்.

மே 18

அதனடியில் உப்பு நனையவில்லை.

ஜூலை 6

தேறிவிட்டாள்.

புது பிளெக்ஸ் வைக்கட்டுமா என்று சரத்குமார் அக்காவைக் கேட்டான். அனுமதி கிடைத்தது. "கேப்டன்னு போட்டா கையை ஒடிப்பேன். அந்த வெள்ளக்காரரு இருக்கட்டும்."

ஜூலை 19

தமிழ்நிலா பேசினாள். "நேத்து கப்பல் எம் பொறுப்புலதாம்பா இருந்துச்சு."

"கேப்டன் பக்கத்துலயே நின்னாரா?"

"இல்லப்பா. தூங்கப் போயிட்டாரு."