சாலைக்கு அந்தப் பக்கம்

அன்பு மகனே,

டாக்கா முழுக்க உன் உத்தரவைப் பாராட்டுகிறார்களாம். பெருஞ்சாலையில் மிதிரிக்‌ஷா கூடாது, நெரிசல் குறையும். விடை சரிதான். பள்ளியில் என் கணக்கு வகுப்பிலும் நீ வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுவாய். நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

வழிமுறையை நான் எழுதுகிறேன். நம் சந்துக்குள் கார் நுழையாது. அம்மாவின் வாதம் வந்த காலுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அம்மாவை அங்கே கூட்டிப்போகும் சொலைமானின் ரிக்‌ஷா இப்போது சந்து முனையோடு நின்றுவிடுகிறது.

"இறங்கி நடங்கம்மா, அந்தப் பக்கம் வேற ரிக்‌ஷா கிடைக்கும்" என்றார் அங்கு நின்ற காவலர்.

"நடக்க முடிஞ்சா நான் எதுக்குப்பா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?" என்றாள் அம்மா.

சொலைமான் சிரித்துவிட்டார். அதற்காகக் காவலர்கள் அவர் ரிக்‌ஷாவின் இருக்கை மெத்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று வாரமாகப் பயிற்சி இல்லை. "அவனுக்கு ஆயிரம் வேலை, எழுதாதீங்க" என்கிறாள் அம்மா.

பெருநாளுக்கு வருவதாகச் சொன்னாய். உன் காரும் முனையோடு நின்றுவிடும். சொலைமானின் ரிக்‌ஷாவில் வெறும் பலகைமேல் உட்கார்ந்து வீட்டுக்கு வா. பிறகு அம்மாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்து காட்டு. மீதி மதிப்பெண்ணை அப்போது போடுகிறேன்.

உன் அப்பா