மாடி அறையை இன்று நீங்களே தேயுங்கள்

என்னங்க,

நான் லாட்ஜ் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சோறு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. மாடி அறையில் வாடகைக்குத் தங்க மதியம் ஆட்கள் வருகிறார்கள். சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று போனில் அவர்களிடம், "நாங்க ஆசிட், பினாயில் எதையும் தொடுறதே இல்லைங்க, எல்லாம் வினிகரும் சமையல் சோடாவும்தான்" என்று அளந்தீர்களே, அதில் நீங்கள் தேய்த்தது எது? வினிகர் பாட்டிலில் ஆரஞ்சுத் தோலை ஊறப்போட்டதோடு சரி. கேட்டால், "சும்மா துடைக்கிற வேலைதானேடி" என்கிறீர்கள்.

அதனால் மாடிக் கக்கூஸை இன்று நான் தொடவில்லை. வினிகர் ஊற்றினால் உப்புக்கறை தானாக ஓடாது. ஊறவிட்டு, மூச்சைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். உங்கள் வாய்ப்பேச்சையும் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள், போனாலும் போகும். துடைக்க உங்கள் கிழிந்த பனியன் வாளியில் இருக்கிறது. துடைக்கப் பேப்பர் சுருளை எடுத்தீர்களோ, தெரியும் சேதி.

தாளில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். ஆசிட்டை நிறுத்தியதிலிருந்து என் விரல் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது. அது உங்களால்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதையும் வந்தவர்களிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டால், ஆசிட்டை நானே வாங்கி வந்துவிடுவேன்.