என் வயிறு நடிக்கவில்லை

மார்ச் 4

பெரியவளுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதைப் பேத்தியை எழுதவிடவில்லை. நானே எழுதினால்தான் ருசி.

உன் கல்யாணத்துக்கு மறுநாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். நீ பச்சைப் புடவையோடு வாசலில் நின்று, "பாத்திரம் தேய்க்கப் பயந்து நடிக்கிறா" என்று உன் மாமியார் காதில் விழும்படி சொன்னாய். மறந்திருப்பாய். எனக்கு உன் ரவிக்கையில் ஒரு ஊக்கு கழன்றிருந்ததுகூட மறக்கவில்லை.

இப்போது கேள். அதே வலிக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு உட்காரவைத்து, கூஜா நிறைய அசட்டுத் தித்திப்பாக ஒரு தண்ணீர் கொடுத்தார்கள். குடல் விரிந்தால்தான் உள்ளே தெளிவாகத் தெரியுமாம். பிறகு காந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். தகர டப்பாவில் போட்டு உலுக்குகிற சத்தம். நடுநடுவே, "மூச்சைப் பிடிங்க பாட்டி" என்று ஒரு குரல். உன்னோடு பேசாமல் இத்தனை வருஷம் வாயைப் பிடித்தவளுக்கு மூச்சைப் பிடிப்பது ஒரு வேலையா?

டாக்டர் படத்தைக் காட்டினார். சிறுகுடலில் ஓரிடம் பழைய தழும்பாகிச் சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் புது வீக்கம். குரோன்ஸ் என்கிற குடல் நோயாம். "இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல. சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும்" என்றார்.

"நடிப்பு இல்லையே?"

"படத்துக்கு நடிக்கத் தெரியாது பாட்டி."

எழுந்து ஆடலாம்போல இருந்தது. வீக்கம் மருந்துக்கு அடங்கிவிடுமாம். படத்தின் நகல் ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். உன் கூடத்தில் மாட்டு.

நடிக்காத தங்கை


மார்ச் 15

சின்னவளே,

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைகால் புரியவில்லை. ஊக்கு கழன்றதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்தத் தண்ணீர் குமட்டுமா? குழாய் ரொம்பக் குறுகலா? பயந்தால் நடுவில் வெளியே விடுவார்களா? சாப்பிட்டதும் வலது பக்கம் அடிவயிற்றைத் திருகிப் பிழிகிற வலிதானே உனக்கும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

வலது பக்கம் என்று நான் எழுதவே இல்லை.

டாக்டர் எனக்குத் தொட்டுக் காட்டிய இடம் அதேதான். உனக்கு எப்படித் தெரிந்தது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பேத்தி உன் மகனிடம் போனில் விசாரித்துவிட்டாள். ஒரு வருஷமாகப் பசியில்லை, பசியில்லை என்று தட்டைத் தள்ளிவிடுகிறாயாம். நம் இரண்டு பேரில் நடிப்பில் கெட்டிக்காரி நீதான்!

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வருவதுண்டு என்கிறார் டாக்டர். ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமைக்கு உன் பெயரைப் பதிந்தாயிற்று. வியாழக்கிழமையே வந்துவிடு. குழாய் குறுகல்தான், வலிக்காது. தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி, எதிரே நான் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகும்போது உடம்பில் ஒரு ஊக்குகூட இருக்கக் கூடாது. இந்தத் தடவை நானே பார்த்துக் கழற்றிவிடுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 26

அடியே,

வியாழன் காலை வண்டியில் வருகிறேன். பச்சைப் புடவையைத் தேடி எடுத்துவிட்டேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, இருந்தாலும் அதைத்தான் கட்டிக்கொண்டு வருவேன்.

அன்றைக்கு வீட்டுப் பாத்திரத்தை நீ தொடாதே. அப்படியே போட்டு வை. நான் வந்து தேய்க்கிறேன்.

பெரியவள்