நோன்புக்கு முன்னம் சுட்டிக்கு ஒரு இடம்

ஜனவரி 18, ஞாயிறு

விடியச் சுபஹிலிருந்து மழை. கொடியில துவாய் நனைஞ்சு கிடக்கு. ஆர் போட்டது? நான் இல்ல.

பின் ஒழுங்கையில கலியாணம். மாப்பிள்ளை வாற நேரம் சீனவெடி கொளுத்தினானுகள். கொளுத்த வேணாமெண்டு பள்ளிவாசல்ல சொன்னதுதான். ஆர் கேக்கிற.

சுட்டி கயித்தை அறுத்திட்டு ஓடினது. வெடி கேட்டா எப்பவும் தண்ணித் தாங்கிக்குக் கீழ போய்ப் பூரும். இண்டைக்கு அங்க வெள்ளம். குசினிக் கதவால உள்ளுக்கு வந்து, மகள் தொழ விரிச்சு வச்ச முசல்லாவுக்கு மேலால பாய்ஞ்சு, கட்டிலுக்குக் கீழ. நனைஞ்ச நாய். அது நடுங்கின நடுக்கத்தில கட்டிலும் ஆடினது.

மகள் றிபாயா கத்தின கத்துக்கு வெடியே பரவாயில்ல.

பிறகு கழுவல். ஈர நாய் பட்ட இடம் ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணி. முசல்லா, தரை, கட்டில் கால், மகள்ட உடுப்பு. மருமகன் ஜௌபர் வளவில மண் தோண்டி வாளியில கரைச்சுக் குடுத்தார். ஆறாவதா ஏழாவதா எண்டு ரெண்டு பேருக்கும் சண்டை. திரும்பவும் முதல்ல இருந்து. நான் கம்பெடுத்துச் சுட்டியை வெளியால விரட்டினன். முகத்தைப் பாக்காம விரட்டினன்.

சாப்பிட்ட கையோட மகள் சொன்னா: "உம்மா, நோன்பு வாறதுக்குள்ள இது போகணும். நீங்களே பாத்து ஒரு இடம் எடுங்க. இல்லாட்டி இவர் கொண்டு போய்ச் சந்தையடியில விட்டிடுவார்."

சந்தையடி எண்டா பஸ், லொறி, ஹோன் சத்தம். ஒரு நாள் தாங்காது அது.

வீடு மகள்ட. சீதனமா எழுதிக் குடுத்தது நானும் என்ட மனிசனும். எழுதிக் குடுத்த வீட்டில எனக்கு வாய் எவ்வளவு? ஓம் எண்டன்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். மிளகாய் காயப் போட்டன். முழங்கால் வலி.

சுட்டி மனிசன்ட நாய். வரிப்பத்தான்சேனைக்கு அங்கால நெல் வட்டையில எங்கட வயல். குட்டியா வாய்க்கால்ல கிடந்ததைத் தூக்கிக் காவல் பரணுக்குக் கீழ வளத்தவர். நெத்தியில வெள்ளை, அதால சுட்டி. வயல் காவலுக்கு நாய் வைக்கலாம், அதில குத்தமில்ல. வீட்டுக்குள்ளதான் ஏலாது. மனிசன் தடவுவார். "காஞ்ச கைக்கு ஒண்டுமில்ல கா" எண்டுவார். நான் சண்டை பிடிச்சன். அவர் மௌத்தான பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டு, இதை இங்க கொண்டு வந்தம். கம்பாலதான் சோத்துத் தட்டைத் தள்ளுறன். ஒரு நாளும் தொட்டதில்ல.

பின்னேரம் சம்பந்தி வந்தா. மருமகன்ட உம்மா. கதிரையில இருந்துக்கிட்டு, "நாய் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க, தெரியுந்தானே?" எண்டா.

"ஓம். சில பேர் வந்தாலும் வரமாட்டாங்களாம்" எண்டன்.

மகள் என்னை முறைச்சா.

சம்பந்தி எனக்குச் செய்தது:
– கலியாணப் புரியாணிக்கு உப்பில்லெண்டு நாலு பேருக்கு முன்னால சொன்னது.
– மனிசன்ட மையித்து எடுக்க முன்னம் "இந்த அலுமாரி ஆருக்கு?" எண்டு கேட்டது.
– இண்டைக்கு.

ஜனவரி 22, வியாழன்

மருமகன் முடிவெடுத்திட்டார். "மாமி, வயல் நாய்க்கு வயல்தான் நல்லம். நாளைக்குப் பட்டா லொறி அந்தப் பக்கம் போகுது. இஸ்மாலெப்பை காக்காக்கிட்டக் கதைச்சிட்டன்."

இஸ்மாலெப்பை எங்கட பழைய வயல்காரர். நல்ல மனிசன். இப்பவும் அங்கதான் காவல்.

நான் சொன்னன்: "மருமகன், இது நெல் வெட்டுக் காலம். யானை இறங்கும். யானைவெடி போடுவாங்க."

"யானை ஒவ்வொரு நாளுமா வருது மாமி?"

சுட்டி முதல்ல பயந்தாங்கொள்ளி இல்ல. மனிசன் இருந்த காலம், பக்கத்து வட்டைக்காரன் எறிஞ்ச யானைவெடி இதுக்குக் கிட்ட விழுந்து வெடிச்சது. அண்டைக்கு இருந்துதான் இந்த நடுக்கம். எறிஞ்சவன் வந்து ஒரு வார்த்தை கேக்கல்ல. அவன்ட பேர் தெரியும். எழுதமாட்டன்.

மருமகனுக்கு இதையும் சொன்னன். போனைப் பாத்துக்கிட்டு ஓம் ஓம் எண்டார்.

ஜனவரி 23, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஏத்தினாங்க. உரபேக்குக்குள்ள போட்டு, கழுத்து மட்டும் வெளியால. என்னைப் பாத்தது. நான் மிளகாயைப் பாத்தன்.

மகள் டெட்டோல் போட்டு வளவெல்லாம் கழுவினா.

ஜனவரி 25, ஞாயிறு

எழுத ஒண்டுமில்ல. பல் வலி. கராம்பு வச்சன். மகள் வட்டிலப்பம் செய்தா. இனிப்புக் கூட.

ஜனவரி 27, செவ்வாய்

வானம் மப்பு. இஸ்மாலெப்பை போன் எடுத்தார்.

"மச்சி, இது செத்துப் போகும். வந்த நாளில இருந்து சோறு தொடல்ல. பின்னேரமானா நாலு பக்கமும் வெடி. இப்ப வாய்க்கால் மதகுக்குள்ள போய்ப் பூந்திட்டு. குளத்துத் தண்ணி திறந்தா அள்ளிக்கிட்டுப் போயிரும்."

"எப்ப திறப்பாங்க?"

"அவங்க எனக்கிட்டக் கேட்டா திறக்கிற மச்சி?"

மருமகன் கடையில இருந்து வந்து பிளேன்டி குடிக்கும்வரை பொறுத்தன். பிறகு சொன்னன். "நான் சொன்னனா இல்லியா" எண்டு கேக்கல்ல. கேக்காம விட்டதுக்குப் பத்து றக்அத் தொழுத நன்மை கிடைக்கணும்.

அவர் கப்பைக் கீழ வச்சார். "காலையில போவம் மாமி" எண்டார்.

ஜனவரி 28, புதன்

போனம். அதே பட்டா. குளிர்.

வட்டை பாதி வெட்டி, பாதி நிக்குது. எங்கட பரணை ஆரோ பிரிச்சிட்டாங்க. கட்டை நாலும் மட்டும் நிக்குது. பாக்காம நடந்தன்.

மதகு ஒடுக்கம். உள்ளுக்கு ரெண்டு கண் மட்டும் தெரிஞ்சது. இஸ்மாலெப்பை கருவாட்டை நீட்டினார், வரல்ல. மருமகன் சாரத்தை மடிச்சுக் கட்டிச் சேத்துக்குள்ள படுத்து, தடியால தள்ளப் பாத்தார். இன்னும் உள்ளுக்குப் போச்சு. அவர் மேலெல்லாம் சேறு. ஒண்டும் ஏசல்ல. அதுக்காக அவர்ட குத்தக் கணக்கில ஒண்டைக் கழிச்சிட்டன்.

பிறகு நான் குனிஞ்சன். மனிசன் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டன். "சுட்டீ... வாடா ராசா... சோறு ஆறுது." என்ட வாயில அந்தக் குரல் வருமெண்டு எனக்குத் தெரியாது. இஸ்மாலெப்பை தலையில இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சார்.

வந்தது. வயித்தால இழைஞ்சு இழைஞ்சு வந்தது. வந்து என்னைத் தாண்டிப் பின்னால பாத்தது. மனிசன் நிக்கிறாரெண்டு.

ஜனவரி 31, சனி

பழையபடி தண்ணித் தாங்கிக்குக் கீழ. முன்னங்காலை நக்கி நக்கி மயிர் போய்ச் சிவந்திட்டு. பாங்கு சொன்னாலும் இப்ப ஊளை. முன் வீட்டுக்காரி மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, "பாங்குக்கு ஊளையிடுற நாயையா வச்சிரிக்கீங்க?" எண்டா. அவட மகன் பாங்கு நேரம் கரம்போட் விளையாடுறதை நான் சொல்லல்ல. பிறகு சொல்ல வச்சிருக்கன்.

மீன் யாசீன் மோட்டர்சைக்கிள்ல வந்தார். சூடை நல்லம், வாங்கினன். சுட்டியைப் பாத்திட்டு, "மாமி, காரைதீவில பூமணியக்காட நாய் செத்துப் போச்சு. புருசனும் போயிட்டார். கடற்கரைப் பக்கம் தனிய இரிக்கா. கேட்டுப் பாருங்களன்" எண்டார்.

பூமணி.

அந்தக் காலம் கூடையில மீன் கொண்டு வாறவ. ஒரு வீடு விடமாட்டா, முதல்ல எனக்குத்தான். றிபாயாட கலியாணத்துக்குப் பெரிய பாரை ஒண்டு தாறனெண்டு சொல்லி, காலையில ஆள் வரல்ல. பாரை வேற வீட்டுச் சட்டிக்குப் போயிட்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் கோழி வச்சன். அதுக்குப் பிறகு அவக்கிட்ட நான் ஒரு கீரி மீன் வாங்கல்ல. ரோட்டில கண்டா மற்றப் பக்கத்தால போறன்.

கேக்கிறதா?

மாட்டன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

போனன்.

ஓட்டோவில தனிய. டொக்டர்க்கிட்டப் போறனெண்டு மகளுக்குச் சொன்னன். தோடம்பழம் ஒரு பேக் வாங்கினன், வெறுங்கையோட போகக் கூடாதெண்டு. பாரைக்கு வட்டியா எண்டு நினைப்பாவோ?

காரைதீவு ரோட்டில இருந்து கடற்கரைக்கு மணல் பாதை. கடைசி வீடு. பூமணி வாசலில வலை முடிச்சுக்கிட்டு இருந்தா. முடி முழுக்க வெள்ளை. மெலிஞ்சிட்டா.

நிமிந்து பாத்தா. மெதுவாக் கதைப்பா, எப்பவும் அப்பிடித்தான்.

"என்ன கா ராத்தா, வழி தவறி வந்தியா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தன்."

"அப்ப இரி."

தேத்தண்ணி தந்தா. குடிச்சன். பாரைக் கதையை ரெண்டு பேரும் எடுக்கல்ல. நான் மறக்கல்ல. அவவும் மறக்கல்லெண்டு முகம் சொன்னது.

நாயைச் சொன்னன். வெடி, மதகு, எல்லாம். நாய் நல்லதெண்டு பொய் சொல்லல்ல. பாத்திரம் தட்டினாலே மூத்திரம் போகுமெண்டும் சொன்னன்.

"இங்க ஆர் வெடி போடுற? மனிசன் போய் ஆண்டுத் திவசம் கழியல்ல, பொங்கலும் பொங்கல்ல. டீவி பழுதாகிக் கிடக்கு. தூரத்தில கோயிலில போட்டாலும் இந்தக் கடல் இரைச்சல் விழுங்கிடும்" எண்டா.

"கேட்டிச்செண்டா?"

"என்ட கறுப்பியும் பயந்ததுதான். தலையை மடியில வச்சுக் காதைப் பொத்திப் பிடிச்சிருப்பன். அடங்கிடும்."

மடியில. நான் கப்பைப் பாத்துக்கிட்டு இருந்தன். எத்தனை மழைக்கு, எத்தனை கலியாணத்துக்கு, அந்தத் தாங்கிக்குக் கீழ அது தனியக் கிடந்தது. நான் கதவு நிலையில நிண்டு "சூ, சூ, ஒண்டுமில்ல" எண்டு மட்டும் சொன்னன்.

பூமணி வலையைக் கீழ வச்சா. "ஒண்டு சொல்றன் ராத்தா. தந்தாத் தந்ததுதான். பிறகு பாக்கிறதெண்டு வரக் கூடாது. நீ வந்து வந்து போனா அது ஒரு இடத்திலயும் நிக்காது. உன்ட வழியைத்தான் பாத்துக்கிட்டுக் கிடக்கும்."

"ஒரு தரம்கூடவா?"

"ஒரு தரம்கூட."

கல் நெஞ்சுக்காரி. பாரைக்காரி.

சரி எண்டன்.

பெப்ரவரி 6, வெள்ளி

மகளுக்கு இடம் கிடைச்சதெண்டு சொன்னன். "எங்க?" எண்டா. "காரைதீவு." "தமிழ் ஆக்கள்ட வீட்டிலயா?" "நாய்க்கு ஊரென்ன மகள்" எண்டன். மருமகன் சிரிச்சார். மகளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினா.

பிறகு குசினியில என்னோட வந்து நிண்டா. வெங்காயம் உரிச்சா. "வாப்பாட நாயெண்டு எனக்கும் தெரியும் உம்மா" எண்டா. ரெண்டு பேருக்கும் வெங்காயம் உதவியா இருந்தது.

கொண்டு போக:
– தட்டு (நெளிஞ்சது)
– மனிசன்ட பழைய சாரம், அது படுக்கிறது
– கருவாடு
– கயிறு, புதுசு

பெப்ரவரி 8, ஞாயிறு

திரும்பவும் மழை. இந்த நாய்க்கும் மழைக்கும் என்ன சொந்தமோ.

மருமகன் பட்டாவை ரோட்டில நிப்பாட்டினார். மணலுக்குள்ள இறக்க ஏலாதாம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான் நடந்தன். சுட்டி என்ட சீலைக் கரையோட ஒட்டி ஒட்டி வந்தது. பட்டுச்சோ படல்லையோ, நான் விலகல்ல.

பூமணி எழும்பி வரல்ல. கூப்பிடவும் இல்ல. தின்னுறதுக்கு ஒண்டும் காட்டல்ல. குசினி வாசலில கால் நீட்டி இருந்து, வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தா. சாரத்தை அவட பக்கத்தில விரிச்சன். கன நேரம். கடல் ஒரே இரைச்சல், நிப்பாட்டாம. சுட்டிட காது முதல்ல நிமிந்தது, பிறகு விழுந்தது. மெல்ல மெல்லப் போய்ச் சாரத்தில படுத்தது. அவ ஒரு கையை அதுட முதுகில வச்சா. வச்சது வச்சபடி. தடவல்ல.

நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சதை நான் கண்ணால பாத்தன். வாய் திறந்து கொட்டாவி விட்டது. அது கொட்டாவி விட்டு நான் கண்டதே இல்ல.

சந்தோசப்படணும். பட்டன். ஒரு கைதான் வேணுமா இருந்தது. எனக்கும் ரெண்டு இருக்கு.

"போ ராத்தா. முழிச்சுப் பாக்க முன்னம் போ" எண்டா.

எழும்பினன். ரெண்டு அடி வச்சுத் திரும்பி வந்தன். குனிஞ்சு நெத்தியில, அந்த வெள்ளையில, கையை வச்சன். அதுவும் ஈரம், நானும் ஈரம். சூடா இருந்தது. மயிருக்குள்ள மண்டை எலும்பு இவ்வளவு சின்னனா? கண்ணைத் திறந்து என்னைப் பாத்தது. முகம் பாத்தன், இந்த முறை. கண்ணை மூடிட்டுது.

பூமணி எழும்பிக் கிணத்தடிக்குப் போனா. வாழையடியில ஒரு பிடி மண் அள்ளி வாளியில கரைச்சா. நான் சொல்லல்ல. எங்கட வாசல்களில மீன் வித்த காலத்தில பாத்து வச்சிருக்கா. அவவும் ஒண்டும் மறக்கிற ஆள் இல்ல.

கையை நீட்டினன். முதல்ல மண் தண்ணி. பிறகு நல்ல தண்ணி. அவதான் எண்ணினா, வாய்க்குள்ள. ரோட்டில மருமகன் ஹோன் அடிச்சார், ஒரு தரம், மெல்ல.

ஆறு முடிஞ்சது. ஏழாவதுக்கு வாளியைத் தூக்கினா.

நெத்தியைத் தொட்ட கையைப் பொத்திக்கிட்டு, கொஞ்சம் பொறு கா எண்டன்.