நாலாம் அத்தியாயத்துக்கு மூன்று ஓலை

அக். 12, ஞாயிறு

குமுளி முழுக்கத் தூறல். வீட்டில் குடை ஒன்றுதான், அம்மாவுக்கு. நான் நனைந்தே சர்ச்சுக்கு.

ஆராதனை முடிவில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இப்படி மூன்று ஞாயிறு. உள்ளே ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது திறக்கிறார்கள்.

மத்தியானம் செல்வின் அண்ணன் சாப்பிட வந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் கறிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, என் நாவல் நோட்டை எடுத்து நாலாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டான். நல்லதுதான். எத்தனை நாள் ஒளித்து வைப்பது.

அதில் இருப்பது: அப்பா செத்த மறுமாதம். அப்பாவின் தேயிலைத் தோட்ட வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றால் கம்பெனி கொடுத்த லயத்து வீடு எங்களுக்கே. அம்மா ஏற்கத் தயார். அண்ணனுக்கோ தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். 'வேலையும் வேண்டாம், வீடும் வேண்டாம்' என்று மலையாளத்தில் எழுதிய தாளைக் கொண்டுவந்தான். ஒழுகுகிற கூரைக்கு மனு என்று சொல்லி, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினான். பத்தே நாளில் சாமான்கள் ஜீப்பில்.

"ஏட்டி, அந்த நாலாவத கிழிச்சுப் போடு. சர்ச் கமிட்டில இருக்கேன் நான்."

"பேரையா போட்டிருக்கேன்?"

"பேரு போடலன்னா ஆளு தெரியாதாக்கும்? கம்பெனிதான் எறக்கிவிட்டதுன்னு அம்மா இன்னமும் நெனச்சுட்டு இருக்கா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

கிழிக்க மாட்டேன்.

அக். 13, திங்கள்

வேலை. ஏலக்காய் பொறுக்கும் கொட்டகை. எட்டுப் பெண்கள், கை முறத்தில், வாய் ஊர்க்கதையில்.

செய்ய வேண்டியவை:
– இன்னொரு நோட்டு
– அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை
– அத். 5 தொடக்கம்
– 'இதோ'க்களைக் களைய

கடைசி விஷயம் மானக்கேடு. நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் கற்றது வேதாகமத்தில். அதனால் என் நாவலில் தேயிலை கிள்ளப் போகிறவள்கூட 'அதிகாலையில் எழுந்து புறப்பட்டுப் போனாள்'. 'இதோ' மட்டும் பதினேழு. பக்கத்தில் உட்காரும் மெர்சியக்காவிடம் காட்டினேன். "கொழுந்து எடுக்கப் போறாளா, எகிப்துக்குப் போறாளா?" என்றாள்.

அண்ணனுக்கு போன் போட்டேன். "அத்தியாயத்துக்கு ஓலை வாசிக்கப் போறேன். நாளைல இருந்து மூணு நாளு, கொட்டகையில, சாப்பாட்டு நேரம். தடை இருந்தா வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு."

வைத்துவிட்டான்.

அக். 14, செவ்வாய்

முதல் ஓலை. வாசித்தேன். ஒருத்தி அழுதாள், ஒருத்தி தூங்கினாள். மெர்சியக்கா மட்டும், "எங்க வீட்டுக்கும் இப்படி ஒரு தாளு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். தடை இல்லை.

அக். 15, புதன்

இரண்டாம் ஓலை. தகரத்தில் மழை, கத்தி வாசித்தேன். நேற்றுத் தூங்கினவள் இன்று விழித்திருந்தாள். அண்ணன் இன்றும் வரவில்லை. பயந்துவிட்டான் என்று ஒரே குஷி எனக்கு. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

அக். 16, வியாழன்

வந்தான். ஸ்கூட்டரில், பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு. காலையில் நான் கிளம்பிய பிறகு வீட்டுக்குப் போய் அவனே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். அம்மா வந்து தடை சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்ற நினைப்பு.

அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து, "வாசி" என்றாள். கடைசி வரி வரை வாசித்தேன். தடை உண்டா என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். எழுந்தது அம்மா.

"இருக்கு. அவன் சொன்னத நான் எங்க நம்புனேன்? அவன் அப்பவே புளுகன். தாள ஒங்கிட்டதானே ஏட்டி குடுத்தேன், வாசிச்சுச் சொல்லுன்னு? நீ நின்னு வாசிச்ச. கூரை, தகரம், ஒழுக்குன்னு. அதுக்கப்புறந்தான் ஒப்பு போட்டேன். அது எங்க இதுல?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில்கூட என் முகத்தில் எறியவில்லை.

அப்போது எனக்குப் பதினாலு வயது. குமுளியில் பெரிய பள்ளிக்கூடம், வாசலில் பஸ் என்று அண்ணன் சொல்லியிருந்தான். எனக்கும் போக வேண்டும். தெரிந்தேதான் மாற்றி வாசித்தேன்.

அக். 17, வெள்ளி

அம்மா சோறு போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அண்ணன் போன். "இனியாவது அத கிழிச்சிரு. ரெண்டு பேருக்கும் கேவலம்."

கிழித்தேன். அவன் சொன்னதற்காக இல்லை, அது பாதிப் பொய் என்பதற்காக. அவன் பங்கு ஒரு வரிகூடக் குறையாது. என் பங்கும் வரும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தின்னட்டும். நாவலை நிறுத்த மாட்டேன்.

அக். 18, சனி

வெயில். அரைநாள் வேலை. அத். 4 புதிது, ஏழு பக்கம். பதினாலு வயதுப் பெண் தாளை வாங்குகிறாள். அதில் இல்லாததையெல்லாம் அம்மாவுக்கு வாசிக்கிறாள். நான் கட்டிய முதல் கதை அதுதான். அதற்கு ஒரு வீடு போனது. அதையும் எழுதிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாத்தி எழுதிட்டேம்மா. வாசிக்கட்டா?"

கையை நீட்டினாள்.

"நோட்ட குடு. நானே வாசிச்சுக்கிடுதேன்."