வருடம் திரும்புவதற்கு முன் ஒரு சிரிப்பு

நவ. 4, செவ்வாய்
மழை, கூடவே காற்று. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ், பிறகு சப்வே. யூதக் கலைவிழாவில் தற்காலிக வேலை, மூன்றாவது வாரம். இன்றைக்கு: உட்காரக் கதிரைகள், பெயர் அட்டைகள், கோமாளி வகுப்புக்குச் சிவப்பு மூக்குகள். பெட்டியைத் திறந்ததும் ரப்பர் மணம்.

வகுப்பில் சோடி சேர்க்க ஒரு ஆள் குறைவு. பயிற்றுநர் டோவ் என்னை உள்ளே இழுத்துவிட்டார். முதல் விதி: எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் ஆமோதிக்க வேண்டும், அவரவர் வீட்டு மொழியில். ஒருவர் ஹீப்ருவில் ‘கென்’ என்றார், ஒருவர் ரஷ்ய மொழியில் ‘தா’. எனக்கு எதிரே ஓய்வுபெற்ற பல் வைத்தியர். “நீ ஒரு குடை,” என்றார். “ஓம்,” என்றேன். கண்ணை மூடிக் கைகூப்பினார். பக்கத்துச் சோடியும் மூடியது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ‘ஓ...ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது, மிகுந்த பக்தியோடு. எங்களுக்கு அது வெறும் ‘யெஸ்’ என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. சிரிப்பு. வயிறு நொந்தது.

அம்மா போன பிறகு முதல் தடவை.

நவ. 5, புதன்
களைப்பு. முழங்கால் நோவு. விழாவின் இணையப் பக்கத்தில் நேற்றைய வீடியோ, சிவப்பு மூக்கோடு நான் சிரிப்பது. போட்டது அலுவலகத்து ரூத். என்னிடம் கேட்டாள்தான், யோசிக்காமல் சரி என்றது நான்.

விட்பியிலிருந்து அக்கா, போனில்.
“உது என்னடி?”
“வேலை, அக்கா.”
“வேலையோ? மூக்கிலை பந்தை மாட்டிக்கொண்டு இளிக்கிறது. அம்மா போய் வருஷம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. தீபாவளிக்கு ஒரு உடுப்புக்கூட எடுக்காமல் இருந்தனாங்கள். சனம் கேட்டால் என்னத்தைச் சொல்ல?”
“சனம் கேட்டதோ?”
“கேக்கும். உந்த வீடியோவை எடுக்கச் சொல்லு.”

எடுக்காவிட்டால் திவசத்தைத் தன் வீட்டில் தானே செய்வாளாம். நான் வரத் தேவையில்லையாம்.

கடைசி வரை அம்மாவைக் குளிப்பாட்டியது நான். அக்கா ஞாயிறுகளில் பழம் கொண்டு வருவாள். இதைச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

வாங்க: பால், முட்டை, முழங்காலுக்கு நோவெண்ணெய்.

நவ. 6, வியாழன்
குளிர். மாலை பொது விவாதம்: துக்க வருடத்தில் சிரிக்கலாமா. மண்டபம் நிறைந்தது. சபையோருக்கு மைக் கொண்டு ஓடுவது என் வேலை. தாய் தகப்பன் போனால் யூதர்களிலும் முறை கடைப்பிடிக்கிறவர்களுக்கு ஒரு வருடம் பாட்டு, கொண்டாட்டம் இல்லை. இவ்வளவு நாள் தெரியாது.

ஒரு பெண்: “அந்த வருடம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லாத ஒரே வருடம் அது.”

ஒரு கிழவர்: “என் அம்மாவா? தன் செத்தவீட்டுக்கே டிக்கெட் விற்றிருப்பாள்.” பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “வீடியோவில் சிரித்தது நீதானே? நீ எந்தப் பக்கம்?”

மண்டபமே திரும்பியது.

“மைக் பிடிக்கிற பக்கம்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வீடு வரும் பஸ்ஸில் அவள் முகம்தான் நினைவில். நானும் அவள் பக்கம்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமைச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

நவ. 7, வெள்ளி
பொழுதுபட்டால் யூதர்களின் ஓய்வுநாள், சப்பாத், என்று அலுவலகம் மதியத்தோடு மூடியது. வெளிச்சத்தில் வீடு வந்து எத்தனை நாள். காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றாமலே அக்காவுக்குப் போன் அடித்தேன்.

“எடுத்தாச்சோ?”
“இல்லை. எடுக்க மாட்டன் எண்டு சொல்லத்தான் அடிச்சனான்.”

அங்கே ஏதோ பொரிகிற சத்தம். பிறகு அடுப்பை அணைக்கிற சத்தம்.

“சனத்துக்காகச் சொல்லேல்லையடி,” என்றாள். “நீ தலையைப் பின்னாலை எறிஞ்சு சிரிக்கேக்கை அப்பிடியே அம்மா. புறங்கையாலை கண்ணைத் துடைக்கிறதும் அவதான். போனைத் திறந்தால் வந்து நிக்கிறா. நான் அடுப்படியிலை நிண்டு குழறி அழுதனான்.”

நான் அதைக் கவனிக்கவேயில்லை.

“எடுக்கச் சொல்லு. எடுக்க முதல் எனக்கு ஒருக்கா அனுப்பு.”

ரூத் சப்பாத் முடிந்து, நாளைக்குப் பொழுதுபட்ட பிறகுதான் போனைத் தொடுவாள் என்றேன்.

“அப்ப அதுவரைக்கும் கிடக்கட்டும்,” என்றாள் அக்கா.